மௌன அரசரா, புயல் வேந்தரா? நெக்ரான் படைக்கு ஒரு ராஜா தேடிய கதை

நெக்ரான் படை சேர்க்க ஆரம்பித்து, இருபது முப்பது எலும்புக்கூட்டு வீரர்களுக்கு வெள்ளிச் சாயம் அடித்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். இந்தப் படைக்கு யார் ராஜா? வார்ஹாமர் 40,000 உலகத்தில் நெக்ரான்களிடம் ராஜாக்களுக்குப் பஞ்சமில்லை, வம்சத்துக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் பேச்சு கடைசியில் இரண்டு பேரிடம்தான் வந்து நிற்கும். ஒருவர் மௌன அரசர் ஸாரெக், இன்னொருவர் புயல் வேந்தர் இமோடெக். என்னிடம் இருப்பது ஸாரெக். தெற்காவணி மூல வீதியில் தங்கப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இருப்பது இமோடெக். ஞாயிறு மதியம் பட்டறை மூடியிருக்கும் நேரத்தில் இந்த இரண்டு பேரையும் மோத விட்டுத்தான் பொழுது போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. 1987-இல் இங்கிலாந்தில் வந்த மேசைப் போர் விளையாட்டு இது. பொம்மைகளை நாமே ஒட்டி, நாமே சாயம் அடித்து, அளவு நாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். நெக்ரான்கள் என்பவர்கள் 6 கோடி வருடம் கல்லறையில் தூங்கி எழுந்த உலோக உடல்காரர்கள்.

கதை என்று வந்தால் ஸாரெக்குக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. நெக்ரான்கள் ஒரு காலத்தில் ரத்தமும் சதையுமாக இருந்த இனம். அவர்களுடைய சூரியனே அவர்களுக்கு எமன். அதன் கதிர் பட்டுப் பட்டு உடம்பு அழுகும், ஆயுளும் குறைவு. அதனால் வாழ்கிற வீட்டைவிடச் சாகிற கல்லறையைப் பெரிதாகக் கட்டிப் பழகினார்கள். சாவே தெரியாத பழையோர் என்ற இனத்தின் மீது வயிற்றெரிச்சல் வந்து போர் தொடுத்து, தோற்றார்கள். தோற்றதும் உள்ளுக்குள் வம்சச் சண்டை. அந்த நேரத்தில்தான் நட்சத்திரங்களைத் தின்று வாழும் க்தான் என்னும் தெய்வங்கள் வந்து, அழியாத உடம்பு தருகிறோம் என்றன. ஸாரெக் சம்மதித்தார். மொத்தக் குடிகளும் வரிசையாக உலைக்குள் போய் உலோகமாக வெளியே வந்தார்கள். உடம்புதான் வந்தது. உயிரை க்தான்கள் சாப்பிட்டுவிட்டன. பிரபுக்களுக்கு மட்டும் புத்தி மிஞ்சியது, சாதாரண ஜனத்துக்கு அதுவும் இல்லை.

தான் செய்தது என்ன என்று ஸாரெக்குக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உடனே கத்தவில்லை. பழையோரை முடிக்கும்வரை க்தான்களோடு சேர்ந்தே போர் நடத்தி, முடிந்த கையோடு அவர்கள் மீதே படையைத் திருப்பி, தெய்வங்களைச் சில்லுச் சில்லாக உடைத்தார். அப்புறம் எல்லோரையும் தூங்கச் சொல்லிவிட்டு, குடிகளைத் தன் சொல்லுக்குக் கட்டிப்போட்டிருந்த கட்டளை நெறிகளைத் தானே அழித்துவிட்டு, விண்மீன் மண்டலத்தை விட்டே வெளியேறினார். தண்டனையைத் தானே எழுதித் தானே அனுபவித்த ராஜா.

மதுரைக்காரனுக்கு இதைப் படித்தால் யார் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்புத் தவறென்று சிலம்பு உடைந்து தெரிந்த நொடியில் அரியணையிலேயே உயிரை விட்ட பாண்டியன் நெடுஞ்செழியன் நம்மவர். அவருக்குச் சாவு கிடைத்தது. ஸாரெக்குக்கு அந்த வசதி இல்லை, உலோக உடம்பு சாகாது. வெளியே அலைந்த இடத்தில் டிரனிட் என்ற தின்னிக் கூட்டம் வருவதைப் பார்த்து, உயிருள்ள உடம்பெல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போய்விட்டால் தன் மக்கள் திரும்பிப் போக ஓர் உடம்பும் மிஞ்சாதே என்று திரும்பி வருகிறார். குற்ற உணர்ச்சியில் போனவர் அதே குற்ற உணர்ச்சியில் திரும்பி வருகிற இந்த வளைவு எனக்கு ரொம்பப் பிடித்தது. மௌன அரசர் என்ற பெயருக்கும் காரணம் உண்டு. மரபுப்படி அவர் குடிகளோடு நேரடியாகப் பேச மாட்டார், உடன் ஆளும் மற்ற இரண்டு பேர்தான் அவர் சொல்லைச் சொல்வார்கள். மூவர் அவை அது.

இமோடெக் வேறு ரகம். சாடெக் வம்சத்தின் படைத்தலைவர். மாண்ட்ரகோரா என்ற தலைமைக் கோளில் கண் விழித்துப் பார்த்தால் அரசர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிரபுக்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் அத்தனை பேரையும் அடக்கி, நாற்காலியில் தானே உட்கார்ந்தார். படையோடு வந்து அரியணை ஏறுவது நமக்கொன்றும் புதிதில்லை. விஜயநகரம் அனுப்பி வந்து, 1529 வாக்கில் மதுரையை ஆள ஆரம்பித்த விசுவநாத நாயக்கரும் அந்த வழிதான். வந்ததும் பாளையங்களாகப் பிரித்துக் கட்டுக்குள் கொண்டுவந்தார் அல்லவா, இமோடெக்கின் ஆசையும் அதேதான். சிதறிக் கிடக்கும் வம்சங்களையெல்லாம் தன் குடைக்குக் கீழ் கொண்டுவர வேண்டும். இந்த நேரம் பார்த்து மௌன அரசர் திரும்பி வந்தால் இமோடெக்குக்கு எப்படி இருக்கும்?

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரித் தலைவனைக் கொல்ல மாட்டார், அவமானப்படுத்தி அனுப்புவார். பிளாக் டெம்ப்ளர் என்ற மனிதப் படையின் தலைவன் ஹெல்பிரெக்டை வென்று கையை வெட்டி விட்டுவிட்டார். விட்டவன் சும்மா இருப்பானா, அன்றிலிருந்து இவரைத் தேடித்தான் அலைகிறான். இது வில்லன் செய்கிற வேலை, ராஜா செய்கிற வேலை இல்லை என்பது என் கட்சி. பட்டறை அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். “மாப்ள, உன் ஆளு ஊரையே வித்துட்டு ஓடுனவரு. என் ஆளு இருந்து ஆளுறவரு” என்பார். அதற்கு என்னிடம் சரியான பதில் இன்னும் இல்லை.

நெக்ரான்களுக்கு இந்த ராஜா கதையெல்லாம் பிற்பாடு வந்தது. 2002-இல் வந்த முதல் படைப் புத்தகத்தில் அவர்கள் க்தான்களுக்கு அடிமையான வாயில்லாப் பூச்சிகள். 2011 புத்தகம்தான் வம்சம், சபை, சூழ்ச்சி என்று மாற்றியது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதற்குப் பொருமுகிறார்கள். அந்த வருடமே இமோடெக்குக்குப் பொம்மை கிடைத்துவிட்டது. ஸாரெக் 2020 வரை கதையாகவே இருந்தார்.

சரி, பொம்மைக்கு வருவோம். ஸாரெக் பெட்டிக்குள் இருப்பது பொம்மை இல்லை, ஒரு சின்னத் தேர். மிதக்கும் மேடை, அதன் மேல் சிம்மாசனம், சிம்மாசனத்தோடு அவையின் மற்ற இருவர், மேடைக்கு இரு பக்கமும் தனித் தனியாக மிதக்கும் இரண்டு தூண்கள். கோவிலில் துவாரபாலகர் நிற்கிற மாதிரியே இருக்கும். அழகுதான், ஆனால் எடையெல்லாம் மேலே, பிடிமானமெல்லாம் கீழே. நான் அவசரத்தில் முழுவதையும் ஒட்டிவிட்டுச் சாயம் அடிக்க உட்கார்ந்தேன். சிம்மாசனத்துக்குப் பின்னால் தூரிகை போகவே இல்லை. திரும்பப் பிரித்து, ஒட்டின இடத்தைச் சுரண்டி, இரண்டு ஞாயிறு போனது. வாங்குகிறவர்கள் மேடை தனி, அரசர் தனி, தூண் தனி என்று சாயம் அடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள்.

இமோடெக் ஒற்றை ஆள். கையில் தண்டு, தோளில் பெருமிதம், ஓர் இரவில் ஒட்டிவிடலாம். 2023-இல் பிளாஸ்டிக்கில் வந்த புதியதைச் சொல்கிறேன். அண்ணன் முதலில் வைத்திருந்தது பழைய பிசின் வார்ப்பு. சித்திரை மாத வெயிலில் அதை வண்டிப் பெட்டிக்குள் மறந்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் புயல் வேந்தரின் தண்டு வெண்டைக்காய் மாதிரி வளைந்திருந்தது. கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி, விரலால் நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது. ஆனாலும் மானம் போனது போனதுதான், ஆறு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன்.

வெயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் நின்று அடிப்பூச்சு ஸ்பிரே அடித்தால், சாயம் பொம்மைக்குப் போகும் முன்பே காற்றில் காய்ந்து, மேலே ரவை தூவினதுபோல் உட்காரும். காலை 6 மணிக்கு அடித்துவிட வேண்டும். தட்டில் பிழிந்த சாயமும் ஐந்து நிமிடத்தில் தோலாகிவிடும். பழைய டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு, அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் சாயம் வைத்தால் மதியம்வரை தாங்கும்.

ஸாரெக்கின் மேடையில் தங்கம் அடிக்கிற இடம் நிறைய. முதல் தடவை கறுப்பின் மேலேயே நேராகத் தங்கச் சாயம் அடித்துப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். “மாப்ள, இது தங்கமில்ல, கவரிங்கு.” அவர் சொன்னபடி அடியில் செங்காவிப் பழுப்பு கொடுத்து, அதன் மேல் தங்கத்தை இரண்டு மெல்லிய பூச்சாக ஏற்றி, பள்ளங்களில் நீர்த்த பழுப்பை ஓட விட்டு, விளிம்புகளில் மட்டும் வெள்ளி கலந்து தொட்டேன். தங்கத்துக்குள் ஒரு சூடு வந்தது. இமோடெக்கில் இந்தக் கஷ்டமே இல்லை, முக்கால்வாசி இரும்பு. சாடெக் வம்சத்துப் பச்சை ஒளியைத் தண்டில் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும்.

மேசைக்கு வந்தால் என் ராஜாவுக்குக் கொஞ்சம் சங்கடம். வழக்கமான ஆட்டத்தில் ஒரு படைக்கு 2,000 புள்ளி, சேர்க்கிற ஒவ்வொரு பொம்மைக்கும் அதிலிருந்து செலவு. விதிகளின் 10-ஆம் பதிப்பில் புள்ளிக் கணக்கு அவ்வப்போது மாறினாலும், ஸாரெக் ஒருவரே அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுவார். இமோடெக் நூறை ஒட்டித்தான். எங்கள் மேசை, இரும்புக் கட்டில் மேல் போட்ட இரண்டு பிளைவுட் பலகை, 60 அங்குலத்துக்கு 44 அங்குலம். நடுவில் தெர்மாகோலில் செதுக்கிய யானைமலை. அதற்குப் பின்னால் இமோடெக் தன் மெய்க்காவலர்களோடு சொகுசாக ஒளிந்துகொள்வார். ஸாரெக் எங்கே ஒளிவார்? யானையின் முதுகுக்கு மேலே கிரீடம் தெரியும்.

அதற்காக அவர் சோப்ளாங்கி இல்லை. சுற்றி நிற்கிற படையெல்லாம் அவர் பக்கத்தில் இருக்கும்போது கூர்மையாகிறது, தூண்கள் இரண்டும் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும், அவற்றின் கதிர் பட்டால் பெரிய வண்டியும் தாங்காது. ஆனால் அவரைப் படையில் சேர்த்தால் தலைவர் பதவியும் அவருக்கே போக வேண்டும் என்பது விதி. எதிரிக்கு வேறு யோசனையே வேண்டாம், எல்லாத் துப்பாக்கியும் அவர் பக்கம் திரும்பும். என் முதல் மூன்று ஆட்டத்திலும் அதுதான் நடந்தது. இமோடெக் உயிரோடு மேசையில் நின்றாலே சுற்றுக்கு ஒரு கட்டளைப் புள்ளி (ஆட்டத்தின் நடுவே தந்திரங்களுக்குச் செலவழிப்பது) கூடுதலாகத் தருவார், ஆட்டத்தில் ஒரு தடவை மின்னலை இறக்குவார். ஐந்து சுற்றுக்கு ஐந்து புள்ளி என்பது வட்டிக் காசு மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, முடிவில்தான் எவ்வளவு சேர்ந்தது என்று புரியும்.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மௌன அரசர் பெட்டிக்குக் கொடுக்கிற பணத்தில் இமோடெக்கையும் வாங்கி, அவர் பின்னால் நிற்க மெய்க்காவலர் பெட்டி ஒன்றையும் வாங்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி தனி.

மூன்றாவதாக ட்ராஸினைக் கேட்பவர்கள் உண்டு. சொலம்னேஸ் என்ற தன் கோளையே அருங்காட்சியகமாக்கி, போரில் சிக்குகிற ஆட்களைப் படையோடு அப்படியே உறைய வைத்துக் காட்சிக்கு வைக்கிறவர். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனபோது எனக்கு அவர் நினைப்புத்தான். ஆள் வந்தால் கொந்தகை முதுமக்கள் தாழி ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் அவர் திருடர், நாம் இங்கே ராஜா தேடுகிறோம்.

ஆக, முதல் ராஜா வாங்குகிறவருக்கு என் வாயால் சொல்வது இமோடெக். மாதம் இரண்டு ஆட்டமாவது ஆடுவீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். வருடத்துக்கு நாலு ஆட்டம்தான், மீதி நாள் அலமாரியில்தான் என்றால் ஸாரெக். மூன்று அடி தள்ளி நின்று பார்த்தால் இமோடெக் படையோடு படையாகக் கரைந்துவிடுவார். ஸாரெக்கை வாசலிலிருந்தே தெரியும். போன நவராத்திரிக்கு அம்மா கொலுவில் இவருக்கு இடம் கொடுத்தார், மேல் படியில் இல்லை, செட்டியார் கடைக்குப் பக்கத்தில். இமோடெக்குக்கு அந்த வாய்ப்பே வராது. நான் இன்னொரு முறை வாங்கினாலும் ஸாரெக்கைத்தான் வாங்குவேன், தோற்றாலும் பரவாயில்லை.

கொலுவுக்கு வைக்கும்போது அவருக்குக் கண் இல்லை. விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள், நானும் கடைசிக்கு என்று விட்டு, பயத்தில் தள்ளிக்கொண்டே வந்தேன். கடுகில் பாதி அளவுக் குழி, உள்ளே பச்சை, நடுவே வெள்ளைப் புள்ளி. கை நடுங்கினால் ஒன்றரை மாத வேலை போச்சு. போன வாரம் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் செய்துகொண்டிருந்த ஜிமிக்கியை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டி, மூச்சைப் பிடித்து, இரண்டு புள்ளி வைத்தார். பத்து விநாடி ஆகியிருக்காது. லென்ஸைக் கழற்றி, ராஜாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கண்ணு தொறந்தாச்சு மாப்ள. வர்ற ஞாயித்துக்கெழம தோக்குறத நல்லாப் பாக்கட்டும்.”