தில்லியில் தில்லை மரம் பார்த்தோம்: மண்டி ஹவுஸ் பக்கம் நடந்த தமிழ்நாட்டுக் கண்காட்சி

போன சனிக்கிழமை மண்டி ஹவுஸ் பக்கம் ஓர் அரங்கில் தமிழ்நாட்டுக் கண்காட்சி. வரலாறு, இசை, இயற்கை என்று மூன்று கூடம். ஆளுக்கு 50 ரூபாய் டிக்கெட். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் போய்விடலாம் என்பதால், முழங்கால் வலியோடு இருக்கும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். பையனுக்கு 11 வயது, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அவனுக்காகத்தான் போனதே.

இசைக் கூடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கேயே ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டோம். தஞ்சாவூர் வீணை ஒன்றை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பலா மரம், 24 மெட்டு (தந்தியை அழுத்தி வாசிக்கும் பட்டைகள்) என்று அட்டையில் எழுதியிருந்தது. பையன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். அடுத்த மேசையில் நரசிங்கம்பேட்டை நாயனம், அதாவது நாகஸ்வரம். கும்பகோணம் பக்கத்து ஊர், 2022இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்த ஊர் ஆசாரி ஒருவரே உளியும் அரமுமாக உட்கார்ந்திருந்தார். ஆச்சா மரத் துண்டு ஒன்றை எடுத்துப் பையன் கையில் வைத்தார். "கனத்தைப் பாரு தம்பி. பழைய வீட்டு உத்தரம் இது. புது மரத்துல செஞ்சா வெடிச்சுடும்."

பிறகு ஒரு நாயனத்தையே கழற்றிக் காட்டினார். துளை போட்ட குழல் உலவு, அடியில் விரியும் வாய் அணசு, மேலே செருகும் உலோகக் குழாய் கெண்டை, வாயில் வைத்து ஊதுவது சீவாளி. மொத்தம் 12 துளை. விரல் ஓடுவது ஏழில்தான், கீழே இருக்கும் ஐந்தை மெழுகு வைத்து அடைத்து ஸ்ருதி சேர்ப்பார்களாம். இத்தனை கல்யாணத்தில் நாயனக்காரர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

கூட வந்திருந்த வித்வான் ஒரே பிடியை முதலில் திமிரியிலும் பிறகு பாரியிலும் வாசித்தார், இரண்டும் நாயன வகைகள். திமிரி குட்டை, ஸ்ருதி உச்சம். பாரி நீளம், குரல் தாழ்ந்து கனத்து வருகிறது. நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நாயனம் செய்யும் ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து பாரியை இப்போது வாசிக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்த கதையை ஆசாரி சொன்னதும் அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய அப்பா, பிள்ளைவாளைத் திருவாவடுதுறையில் நேரில் கேட்டவர். "தம்பி, தோடி கொஞ்சம் வாசிங்களேன்" என்றார். வித்வான் மறுக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். சுற்றிலும் ஹிந்திக்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள், யாரும் ஃபோனை எடுக்கவில்லை.

வரலாற்றுக் கூடம் சுமார். கீழடிப் பானை ஓட்டின் மாதிரி வைத்து, தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், ‘ஆதன்’ என்றிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழியில் எழுதிப் பார்க்க ஒரு மேசை போட்டது அருமையான யோசனை. ஆனால் அட்டையில் ‘கிழடி’ என்று அச்சாகியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டைப் பற்றிய கண்காட்சியில் தமிழை ஒரு தடவை படித்துப் பார்த்து ஒட்டக்கூடாதா? அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன், பேனாவால் சுழித்தாவது திருத்துங்கள் என்று. உடனே திருத்தினாள், நல்ல பெண். மற்றபடி கீழடியிலிருந்து பெரிய கோவில், அங்கிருந்து 1967இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் என்று ஒரே சுவரில் ஓடிவிடுகிறது.

இயற்கைக் கூடத்தில் படங்கள் கண்ணில் நிற்கின்றன. 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி, வேடந்தாங்கல் கூழைக்கடா. வீடியோவுக்குப் பின்னணியில் கிடார் போட்டுப் பறவைச் சத்தத்தை மூழ்கடித்ததுதான் வருத்தம். பிச்சாவரம் படத்தின் முன்னால் பையன் நின்று, "அம்மா, இங்க தில்லின்னு போட்டிருக்கு!" என்றான். ‘தில்லை’ என்று இருந்தது. அத்தை சிதம்பரத்தில் பிறந்தவர். "எங்க ஊருக்கே தில்லைன்னுதான்டா பேரு. இந்த மரம்தான் கோவிலுக்குத் தல மரம். இதோட பால் கண்ணுல படவே கூடாது" என்று ஆரம்பித்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனதுவரை சொன்னார். கேட்க ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். அட்டையில் மரத்தின் லத்தீன் பெயர் மட்டும்தான். சிதம்பரம் என்ற சொல்லே இல்லை.

சாப்பாட்டுக் கடைக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். காபி ஆறிப்போயிருந்தது, 80 ரூபாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மட்டும் இரண்டு பாக்கெட் வாங்கினோம். ஆசாரியிடம் ஒரு சீவாளியும். காவிரிக் கரையில் வளரும் கொருக்கை நாணலில் செய்தது. பையன் ஞாயிறு முழுக்க ஊதி, திங்கட்கிழமை காலையில் ஒரு சத்தம் வரவழைத்தான்.

அடுத்த மாதம் மும்பையில் மாட்டுங்காவுக்குப் போகிறார்களாம். அங்கே இருப்பவர்கள் காலை 11 மணிக்கே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வித்வான் வாசிப்பதில்லை. வீட்டில் ஊர்க்கதை தெரிந்த பெரியவர் இருந்தால் கூட்டிப் போங்கள். இசைக் கூடத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.