புறக்கோட்டையில் வாங்கிய 40 லீற்றர் முதுகுப்பை: பாங்கொக்கில் ஆறு நாள் சுமந்த பிறகு

நான் வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்தேன். சிநேகிதி கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோவில் வந்தாள். சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் சந்தித்து, அங்கிருந்து குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்து, ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு முதுகுப்பை வாங்கினோம். எனக்குக் கடல் நீலம், அவளுக்குக் கறுப்பு. கடைக்காரர் ஒன்று 11,000 ரூபா என்றார். இரண்டாக எடுத்ததால் 17,000க்கு முடித்தோம். அந்தப் பைகளோடு பாங்கொக்கில் ஆறு நாள் அலைந்துவிட்டு வந்திருக்கிறோம். என் முதுகுக்கு அது அருமையான பை. அவளுக்கு அது பெரிய வேதனை. அவளையும் அதையே வாங்க வைத்தது நான்தான் என்பதால், இனி வாங்கப் போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பையில் ஒரு வெளிநாட்டுப் பெயர் ஒட்டியிருந்தது. அதே வெட்டு, அதே தையல், வேறு இரண்டு பெயர்களிலும் அதே கடையில் தொங்கியது. ஆகவே பெயரைப் பார்க்க வேண்டாம், தையலைப் பாருங்கள். தோள்பட்டி பையோடு சேரும் இடத்தில் ஒற்றைக் கோடாகத் தைத்திருந்தால் விட்டுவிடலாம். எங்களுடையதில் நெருக்கமாகக் குறுக்கும் மறுக்குமாக அடித்திருந்தார்கள். ஆறு நாளில் ஒரு நூல்கூடக் கிளம்பவில்லை. சிப்பின் இழுவையைத் திருப்பினால் பின்பக்கத்தில் 8 என்று இருந்தது. மூடியபிறகு பல்வரிசை எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்பதைத்தான் அந்த எண் ஏறக்குறையச் சொல்கிறது. பெரிய வாய்க்கு 5 போதாது, 8 நல்லது. துணியை உள்பக்கம் திருப்பி நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். தண்ணீர் இறங்காமல் பூசிய பூச்சு எங்கள் கொழும்புப் புழுக்கத்தில் வருடக்கணக்கில் தொங்கினால் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். இதில் வழவழப்பாகவே இருந்தது. "மகள், இது பத்து வருஷத்துக்குப் போகும்" என்றார் கடைக்கார நானா. எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது.

நான் பார்க்காமல் விட்டது முதுகின் நீளத்தை. கடையில் இருவரும் வெறும் பையை மாட்டிப் பார்த்து, கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தோம். வெறும் பை யாருக்கும் நோகாதே.

எங்கள் விமானத்தில் கையோடு கொண்டுபோக 7 கிலோதான் அனுமதி. பை மட்டுமே 1.3 கிலோ. மிச்சத்தில் உடுப்பு, செருப்பு, சார்ஜர், அம்மா திணித்த மிக்சர். கட்டுநாயக்கவில் எந்தத் தொந்தரவும் இல்லை. பாங்கொக்கில் இறங்கி, நகரத்துக்குப் போய், விடுதி தேடிக் காவ் சான் பக்கம் ஒரு மணித்தியாலம் நடந்தபோதுதான் சிநேகிதி அடிக்கடி நின்று, குனிந்து, பையை ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏற்றத் தொடங்கினாள். "பழக்கமில்லைடி, நாளைக்குச் சரியாகும்" என்றேன். எவ்வளவு பிழையாகச் சொல்லியிருக்கிறேன்!

இரண்டாம் நாள் சீலோம் வீதியில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர் கட்டிய கோயில். இன்றைக்கு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்துச் சனம், கையில் பூமாலையும் தேங்காயும். பையோடு உள்ளே போக மனமில்லாமல், ஒருவர் வாசலில் காவல் இருக்க மற்றவர் போய்க் கும்பிடுவது என்று முடிவெடுத்தோம். அவள் பையைக் கழற்றியபோது சட்டைக் கழுத்து ஒரு பக்கம் விலகியது. இரண்டு தோளிலும் பட்டியின் அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. விளிம்பில் தோல் லேசாக உரிந்தும் இருந்தது. என் தோளில் ஒன்றுமே இல்லை. அவளோ அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றிரவு அவளுடைய அளக்கும் நாடாவை எடுத்தோம் (தையல் பழகியவள், எங்கே போனாலும் கொண்டு வருவாள்). தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அதிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரே முதுகில் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எனக்கு 47 சென்ரிமீற்றர். அவளுக்கு 40. பை என் அளவுக்குத் தைத்தது, ஏற்றி இறக்கவும் வழியில்லை. என் இடுப்புப் பட்டி எலும்பின் மேல் உட்கார்ந்து பாரத்தை வாங்கிக்கொள்கிறது. அவளுடையது எலும்புக்குக் கீழே வழுக்கிப் போகிறது, முழுப் பாரமும் தோளில் தொங்குகிறது. பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் இது மாறாது.

அதன்பிறகு பாரமான எல்லாவற்றையும் என் பைக்கு மாற்றினோம். சப்பாத்து, சார்ஜர், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் முதுகை ஒட்டி, நடு உயரத்தில். மென்மையான உடுப்பு வெளிப்பக்கம். எனக்குப் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வந்திருக்கும். ஆனாலும் ஹுவா லம்போங் பழைய ரயில் நிலையத்திலிருந்து சீனத் தெருவுக்கு நடந்தபோது இடுப்பு தாங்கியது, தோள் சும்மா இருந்தது. இந்தப் பையை நான் பாராட்டுவது அந்த நடைக்காகத்தான்.

மழை உறை பையின் அடியில் ஒரு சிறு அறைக்குள் மடித்து வருகிறது. அதை நம்பி எதையும் வைக்காதீர்கள். அது வெளிப்பக்கத்தைத்தான் மூடும். முதுகோடு ஒட்டும் பக்கம் திறந்தே இருக்கும், மழைத்தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து அங்கேதான் இறங்கும். சேன் சேப் கால்வாய்ப் படகில் இது இன்னும் நன்றாக விளங்கியது. அந்தப் படகு துறையில் நிற்பது கொஞ்ச நேரந்தான். கயிற்றைப் பிடித்து விளிம்பைத் தாண்டி உள்ளே குதிக்க வேண்டும். டிக்கெட் கொடுப்பவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடக்கிறார்கள், பாலம் தாழ்வாக வந்தால் கூரையே இறங்குகிறது. எதிர்ப்படகு கடக்கும்போது ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்துவார்கள். நான் ஒரு நொடி பிந்திவிட்டேன். கறுத்த தண்ணீர் மடியிலிருந்த பைமேல் விழுந்தது. உடுப்பெல்லாம் தடித்த குப்பைப் பை ஒன்றுக்குள் முடிச்சுப் போட்டு இருந்ததால் தப்பியது. அந்தக் குப்பைப் பை வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கியது.

உடைந்தது ஒன்றே ஒன்று. நாலாம் நாள் என் நெஞ்சுப் பட்டியின் பக்கிள் இரண்டாகிப் போனது. நல்ல வேளை, நாங்கள் நின்ற இடம் சம்பெங் சந்துக்குப் பக்கம். அப்படியே எங்கள் புறக்கோட்டைதான்: மொத்த வியாபாரம், ஆள் விலக இடமில்லாத சந்து, நடுவில் சாமான் தள்ளுவண்டி. மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் சத்தம் மட்டும் வேறு பாஷையில். பொத்தான், நாடா, பக்கிள் என்று குவித்து வைத்திருந்த கடையில் உடைந்ததைக் காட்டினேன். கடைக்கார அம்மா விரலால் அளந்து, சரியான அளவில் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார். பன்னிரண்டு இருந்தது. ஒன்றாகத் தர மாட்டார். வாங்கினேன். அந்தப் புதுப் பக்கிள் பையில் வந்ததைவிடத் தடிப்பு.

கொழும்புக்கு வந்ததும் மிச்சப் பக்கிளைக் கொண்டு அதே கடைக்குப் போனோம். நானா உடைந்த துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாதிடாமல் வருத்தம் தெரிவித்தார். சிநேகிதியின் பையை மாற்றிக் கேட்டோம். பாவித்த பையை எடுக்க முடியாது என்றார், அது நியாயம்தான். ஆனால் மேலே ஏறி, தோள்பட்டியைத் தட்டுத் தட்டாக ஏற்றி இறக்கக்கூடிய வேறொரு பையை இறக்கித் தந்தார். 38 லீற்றர், விலை 2,000 ரூபா கூட. இந்தமுறை நாங்கள் வெறும் பையை மாட்டவில்லை. பக்கத்துக் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பொதி இரண்டை இரவல் வாங்கி உள்ளே போட்டு, அவளை முதலாம் குறுக்குத் தெரு முனை வரை நடந்து வரச் சொன்னேன். அவள் குனிந்து குலுக்காமல் திரும்பி வந்தாள். பட்டி எலும்பின்மேல் இருந்தது, விரலை வைத்து நானே பார்த்தேன்.

அவளுடைய கறுப்புப் பை இப்போது என் தம்பியிடம். அவனுக்கு 48 சென்ரிமீற்றர்.