பண்ணவாடியில் நந்தி காட்டுகிறேன் என்று பரிசலில் ஏற்றினால் ஏறாதீர்கள்

மேட்டூர் அணையைப் பார்க்க வருகிறவர்கள், குறிப்பாகக் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி வரை போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் ரோட்டோரம் நின்று காரை நிறுத்துகிறார்கள். "தண்ணிக்குள்ள நந்தி, சர்ச் கோபுரம் எல்லாம் இருக்கு சார், பரிசல்ல போய்ப் பக்கத்துல பார்த்துட்டு வந்துடலாம்" என்று செல்போனில் படமும் காட்டுகிறார்கள். ஆடி மாதக் கடைசியில் அம்மா, அக்கா, அக்கா பையனோடு போன எங்களிடம் அப்படித்தான் ஒருவர் 1,500 ரூபாய் வாங்கினார். நந்தியும் இல்லை, கோபுரமும் இல்லை. இருக்கவும் வழியில்லை, ஏனென்றால் அன்று அணையின் நீர்மட்டம் நூறு அடிக்கு மேல்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. 1934இல் கட்டி முடித்த இந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அணை வந்தபோது காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. கோயிலும் தேவாலயமும் நின்ற இடத்திலேயே மூழ்கின. பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிய வேண்டுமானால் மட்டம் சுமார் 70 அடிக்கு இறங்க வேண்டும். தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் உயரமானது, அது கொஞ்சம் முன்னாடியே தலைகாட்டும். மழை பொய்த்த வருடங்களில் நந்தி இருக்கும் இடம் வரைக்கும் நடந்தே போவார்கள், நீர் வற்றிய நிலத்தில் சோளமும் எள்ளும் விதைத்திருப்பார்கள். அவர் செல்போனில் காட்டியது அப்படி ஒரு வறண்ட வருடத்துப் படம். அணை நிரம்பிக் கிடக்கும்போது அதைக் காட்டிப் பணம் வாங்குவது பச்சை ஏமாற்று வேலை.

பணம் வாங்கியவர் பரிசல் ஓட்டவில்லை. கரையில் வேறொருவரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டு பைக்கில் கிளம்பிவிட்டார். லைஃப் ஜாக்கெட் கேட்டோம். "இங்க அதெல்லாம் கிடையாது, ஆழமே இல்ல" என்றார் அந்த ஆள். ஒகேனக்கல்லில் அது இல்லாமல் பரிசலில் ஏற்ற மாட்டார்கள், நீர்வரத்து கூடினால் கலெக்டர் பரிசலையே நிறுத்திவிடுவார். அதே காவிரிதான் சில மணி நேரத்தில் இங்கே வந்து சேர்கிறது. இரண்டாவதாக வந்த ஒரு பையன், "அக்காவும் குழந்தையும் நடுவுல உட்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லியே எங்களை ஏற்றிவிட்டான்.

நடுத்தண்ணீருக்குப் போனதும் துடுப்பை நிறுத்தினார்கள். "நந்தி நேர் கீழதான் இருக்கு, கும்பிட்டுக்கங்க" என்றார் அந்த ஆள். அம்மா உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. அதற்குள் ஆடிக்காற்று எழும்பிப் பரிசல் சுழல ஆரம்பித்தது, அலை உள்ளே அடித்தது, அக்கா பையன் அழுதான். அப்போதுதான் அடுத்த பேச்சு: "நீங்க குடுத்தது போறதுக்குத்தான், கரைக்குக் கொண்டாந்து விட ஆயிரம் ஆகும்." இருட்டு விழுகிறது, சுற்றிலும் தண்ணீர், மடியில் குழந்தை. யாரால் பேரம் பேச முடியும்? கொடுத்தோம். ஏறிய இடத்தில் இறக்காமல் தள்ளி ஒரு சேற்றுக்கரையில் விட்டார்கள். முழங்கால் வரை புதைந்து அம்மா நடந்து வந்தார்.

டீக்கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, இவர்கள் பரிசல்துறை ஆட்களே இல்லை. பண்ணவாடிக்கும் அக்கரையில் நாகமரைக்கும் ஊர்சனம் தினமும் படகில் போய்வருகிறது. அந்தத் துறையில் படகு விடுகிறவர்களும், மீன் பிடித்துப் பிழைக்கிற பரிசல்காரர்களும் இந்தக் கூட்டத்தால் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். அங்கே இருந்த வயதான மீனவர் ஒருவர், "மேட்டூர் வர்ற சனத்தை நாங்க ஏன் தம்பி ஏமாத்தப் போறோம்" என்று வருத்தப்பட்டார்.

அணை நிலவரம் தினமும் காலையில் வெளியாகிறது. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றும் பேப்பரில் இருக்கும். கிளம்பும் முன் அதைப் பாருங்கள். எண்பது, தொண்ணூறு என்று இருந்தால் நந்தி என்கிற பேச்சுக்கே இடமில்லை. காற்று மாதங்களில் சாயங்காலம் பரிசல் வேண்டவே வேண்டாம். ஜாக்கெட் இல்லாத பரிசலில் எந்த மாதத்திலும் குழந்தையை ஏற்றாதீர்கள். தண்ணீரில் வைத்துப் பணம் கேட்டால் வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிட்டு, கரையேறியதும் 100க்கு அழையுங்கள்.

நாங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், பைக் எண்ணும் கொடுத்திருக்கிறோம். அதே ரோட்டில் வேறு யாரிடமாவது இப்படிப் பணம் பிடுங்கியிருந்தால் நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள். ஒற்றைப் புகாரென்றால் அப்படியே கிடப்பில் போட்டுவிடுவார்கள்.