பாலா, நார்ச்சத்தா, மாத்திரையா? பெண்களின் குடல் புற்றுநோயும் உணவும்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்றுநோய் வராமலிருக்க என்ன சாப்பிடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கறியை நிறுத்தச் சொல்வார் ஒருவர், கொழுப்பைக் குறைக்கச் சொல்வார் இன்னொருவர். நார்ச்சத்து, பால், கால்சியம் மாத்திரை என்று பட்டியல் நீளும். இவை எல்லாமே ஏதோ ஓர் ஆராய்ச்சியிலிருந்து வந்தவைதான். ஆனால் சிலவற்றுக்குச் சான்று பலமாக இருக்கிறது, சிலவற்றுக்கு மிக மெலிதாக. பெண்களை மட்டுமே வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் இருப்பதால் இதை ஓரளவு தெளிவாகவே பேச முடியும்.

முதலில் பாலும் கால்சியமும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட முடிவுகள் இந்த விஷயத்தில் முக்கியமானவை. பிரிட்டனில் மார்பகப் பரிசோதனைக்கு வந்த பெண்களை 1990களின் பிற்பகுதியிலிருந்து சேர்த்து நடத்திவரும் 'பத்து லட்சம் பெண்கள் ஆய்வு' அது. அதில் 5,42,778 பேரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டு, சராசரியாகப் பதினாறரை ஆண்டுகள் கவனித்தார்கள். 12,251 பேருக்குக் குடல் புற்றுநோய் வந்தது. 97 உணவுகளையும் சத்துகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் 17-க்குத்தான் தொடர்பு தெரிந்தது. அவற்றில் நல்ல பக்கம் முன்னால் நின்றது கால்சியம்: தினமும் கூடுதலாக 300 மில்லிகிராம் கிடைத்தவர்களுக்கு ஆபத்து 17 சதவீதம் குறைவு. ஒரு பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

இந்த 17 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்களில் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் பதினாறரை ஆண்டுகளில் சுமார் 23 பேருக்கு நோய் வந்தது. அதில் 17 சதவீதம் குறைந்தால் 19. ஆயிரத்துக்கு நான்கு பேர்! ஒரு டம்ளர் பாலுக்கு இது பெரிய லாபம்தான். ஆனால் மிச்சமிருக்கும் 19 பேரை மறந்துவிடக் கூடாது.

பால் குடிப்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாமே, பலன் அதனால் வந்திருக்கலாமே என்ற சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம். அதற்காக ஆய்வாளர்கள் மரபணுவையும் பார்த்தார்கள். பெரியவர்களான பிறகும் பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் சிலருக்குப் பிறப்பிலேயே இருக்கும், அவர்கள் சராசரியாகக் கூடுதலாகப் பால் குடிப்பார்கள். மரபணுவை யாரும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் வசதி, படிப்பு, உடற்பயிற்சி போன்றவை குறுக்கே வருவது குறையும். அந்த வழியில் கணக்கிட்டபோதும் பால் பக்கமே முடிவு சாய்ந்தது. பாலல்லாத உணவுகளிலிருந்து வந்த கால்சியத்துக்கும் இதே போன்ற தொடர்பு இருந்ததால் காரணம் பெரும்பாலும் கால்சியம்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. குடலுக்குள் பித்த அமிலங்களையும் கொழுப்பு அமிலங்களையும் கால்சியம் பிடித்துக் கட்டிவிடுகிறது, அதனால் குடலின் உட்சுவர் அரிக்கப்படுவது குறைகிறது என்பது விளக்கம். தயிருக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சீஸுக்கும் வெண்ணெய்க்கும் தெரியவில்லை.

சரி, கால்சியம்தான் காரணம் என்றால் மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமே? இதை அமெரிக்காவில் நேரடியாகச் சோதித்துவிட்டார்கள். 'பெண்கள் உடல்நல முன்முயற்சி' என்ற பெரிய திட்டத்தில், மாதவிடாய் நின்ற 36,282 பெண்களில் பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால் மாத்திரை போட்டவர்களில் 168 பேருக்குப் புற்றுநோய், வெற்று மாத்திரைக்காரர்களில் 154 பேருக்கு. பலன் ஒன்றுமில்லை. போதாததற்கு மாத்திரை போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் சற்று அதிகமாகவே வந்தது. இந்தப் புற்றுநோய் வளரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும், ஏழு ஆண்டு போதாது என்று மாத்திரைக்காக வாதாடலாம். அந்தப் பெண்கள் பலரும் ஏற்கெனவே உணவில் போதிய கால்சியம் பெற்றுவந்தவர்கள் என்றும் சொல்லலாம். இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாத்திரை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், அதை நிறுத்த வேண்டாம்.

கொழுப்பைக் குறைப்பதும் இதே திட்டத்தில் தோற்றது. 48,835 பெண்கள், எட்டு ஆண்டுகள், குறைந்த கொழுப்பும் நிறையக் காய்கறியும். குடல் புற்றுநோய் குறையவில்லை.

நார்ச்சத்தின் கதை சுவாரசியமானது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், நார் மிகுந்த உணவு சாப்பிடும் அந்த மக்களிடம் இந்த நோய் அரிதாக இருப்பதைக் கண்டு 1970களில் உலகத்தின் கவனத்தை இதன் பக்கம் திருப்பினார். பிறகு 1999-இல் அமெரிக்கச் செவிலியர்கள் 88,757 பேரை 16 ஆண்டுகள் கவனித்த ஆய்வு, நாருக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்றது. 2003-இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து லட்சம் பேரைக் கொண்ட ஆய்வு, நார் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சுமார் கால் பங்கு குறைவு என்றது. இப்போதைய பிரிட்டன் ஆய்விலும் தவிடு நீக்காத தானியமும் நாரும் நல்ல பக்கமே இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் தானியத்திலிருந்து வரும் நாருக்குச் சாதகமான சான்றுதான் கனமாக இருக்கிறது. ஆனால் நார்ப் பொடி வாங்கிக் கரைத்துக் குடிப்பதற்கு இந்த ஆய்வுகளை ஆதாரமாகக் காட்ட முடியாது. தவிடு நீக்காத அரிசி, கோதுமை, பயறு என்று உணவாகவே சாப்பிடுவது நல்லது.

இனி குறைக்க வேண்டியவை. பேக்கன், ஹாம், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பொருளல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி இரண்டாம் பிரிவில். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைவிட, தினமும் காலையில் ரொட்டிக்குள் வைக்கும் ஹாம் துண்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இதற்குச் சற்றும் குறையாதது மது. பிரிட்டன் ஆய்வில் ஆபத்தைக் கூட்டியவற்றில் முதலிடம் அதற்குத்தான்: நாளுக்கு 20 கிராம் சாராயச் சத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய கிளாஸ் ஒயினுக்கு, 15 சதவீதம் கூடுதல் ஆபத்து. கறியைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு மாலை நேர ஒயினைப் பற்றி அங்குள்ள பெண்களை யாரும் எச்சரிப்பதில்லை. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே வரிசைப்படுத்தச் சொன்னால், குடிப்பவர்கள் முதலில் அதை விடட்டும். அப்புறம் உணவில் கால்சியம், அடுத்து பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்ப்பது, அதற்கடுத்து முழு தானியம். கொழுப்பும் மாத்திரையும் இந்த நோயைப் பொறுத்தவரை கணக்கில் வேண்டாம்.

நம் வாசகர்களுக்கு ஒன்று. அந்த பிரிட்டன் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்குப் பெரியவர்களானதும் பால் எளிதில் செரிப்பதில்லை. வயிறு உப்பினால் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டாம், தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். நூறு கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன்களிலும் உண்டு.

இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் மலத்தில் ரத்தம் வந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, காரணம் தெரியாமல் ரத்தசோகை வந்தாலோ, மூலநோயாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப் போடுவது பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு 50 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில் வீட்டுக்கே வரும். அதைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாதீர்கள்.