சிப்பா, எக்சோமா, முழு மரபணுத்தொகையா? டர்பன் தரவை இணைப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழர் 2,000 பேரின் மரபணுத் தரவையும் ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் சேர்த்து, சர்க்கரையும் இளவயது மாரடைப்பும் எங்கே கைகோக்கின்றன என்று பார்க்க வேண்டும். பணத்தை எதில் போடுவது?

மலிவு சிப்தான். மரபணுத்தொகையில் சில லட்சம் இடங்களைப் படித்துவிட்டு, இடைப்பட்டதை ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பை வைத்துக் கணித்து நிரப்புவார்கள். இருப்பது ஆப்பிரிக்காவில்தானே என்று எச்-த்ரீ-ஆப்பிரிக்கா சிப்பை வாங்கிவிடாதீர்கள். அதன் சுமார் 23 லட்சம் குறிகள் ஆப்பிரிக்க வம்ச வேறுபாடுகளுக்காகத் தேர்ந்தவை. 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி மெட்ராஸிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களின் வாரிசுகளுக்குத் தெற்காசிய ஒப்பீடு வேண்டும். ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் 2,504 பேரில் தெற்காசியர் 489. அதில் பிரிட்டன்வாழ் இலங்கைத் தமிழர் 102, தெலுங்கர் 102. பரவலான வேறுபாடுகளுக்கு இது தாங்கும். நூற்றில் ஒருவரிடமும் இல்லாத அரிய வேறுபாட்டில் கணிப்பு தடுமாறும்.

எக்சோம் புரதக் குறிப்புள்ள 1-2% பகுதியை மட்டும் படிக்கும். பரம்பரைக் கொலஸ்ட்ரால் மாதிரி ஒற்றை மரபணு நோய்க்குக் கெட்டிக்காரத் தேர்வு. சர்க்கரைக்கான சமிக்ஞைகளில் பெரும்பாலானவை அந்தப் பகுதிக்கு வெளியே இருப்பதால் இங்கே பாதிக் கண் குருடு.

முழு மரபணுத்தொகை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை படித்து, எல்லாவற்றையும் காட்டும். தெற்காசியரில் சுமார் 4% பேரிடம் உள்ள, இதயத்தசை மரபணு ஒன்றின் 25 எழுத்து நீக்கம் போன்றவற்றை ஊகமின்றி நேரடியாகப் பார்க்கலாம். ஆனால் ஆளுக்கு 100 ஜிகாபைட் அளவில் கச்சாக் கோப்பு. 2,000 பேருக்கு 200 டெராபைட். வட்டு வாங்கவே பணம் தீரும்.

உண்மையான சேதம் நடப்பது பதிவு இணைப்பில். தென்னாப்பிரிக்க அரசின் 13 இலக்க அடையாள எண் இருந்தால் வேலை சுலபம்: முதல் ஆறு பிறந்த தேதி, கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். எண் இல்லாத பழைய அட்டைகளில் பெயரை நம்ப வேண்டும். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், சில வீடுகளில் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. கல்யாணமான பெண்ணுக்கு அதுவும் மாறும். நிகழ்தகவு முறையில் அரிய பெயர் பொருந்தினால் அதிக மதிப்பெண். நாடு முழுவதற்குமான பட்டியலில் நாயுடு அரிய பெயர். சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்குப் பத்து நாயுடு. மதிப்பெண்ணை உள்ளூர்ப் பட்டியலிலிருந்து கணக்கிடாவிட்டால் ஒருவரின் மாரடைப்பு இன்னொருவரின் மரபணுவில் போய் ஒட்டும்.

அடுத்தது அளவீடு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவரின் எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால்) அப்படியே போட்டால் நோயாளி ஆரோக்கியசாலியாகத் தெரிவார்; 0.7ஆல் வகுத்துச் சரிசெய்வது வழக்கம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5% என்பதும் 48 என்பதும் ஒன்றே, அலகுதான் வேறு. மரபணுப் பக்கம், மனித மரபணுத்தொகையின் 37ஆம் பதிப்பு வரைபடத்தையும் 38ஐயும் கலக்காதீர்கள்; ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறு வேறு எண். ஏ-டி, சி-ஜி என்று ஜோடி எழுத்துகளே மாறிவரும் இடங்களில், டிஎன்ஏவின் இரு இழைகளில் எதைப் படித்தது என்று தெரியாது. அவற்றில் இரு எழுத்தும் ஏறக்குறைய பாதிப்பாதியாக வரும் இடங்களை நீக்கிவிடுங்கள்.

எங்கள் தேர்வு: 2,000 பேருக்கும் சிப், அவர்களில் 100 பேருக்கு முழு மரபணுத்தொகை. அந்த 100 பேரில் சிப்பின் கணிப்பு எங்கே பொய்த்தது என்று தெரிந்துவிடும். மிஞ்சும் பணத்தில் ஆள் வைத்து, இணைத்த பதிவுகளில் 200ஐ அட்டையோடு அட்டையாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.