கேரவன் ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் வேலை: மாதவரம் ஏஜென்சி ஒன்றின் நிறையும் குறையும்

மாதவரம் 200 அடி சாலையில், மஞ்சம்பாக்கத்துக்கு அருகில் இயங்கும் ஒரு வாகன டெலிவரி ஏஜென்சியில் ஒப்பந்த ஓட்டுநராக வேலை பார்த்ததை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் ஏஜென்சியின் பெயரைத் தவிர்க்கிறேன். கேரவன்களையும் (படுக்கை, சமையல் வசதியோடு கட்டிய வண்டிகள்) அவற்றுக்கான சேசிஸ்களையும் (மேற்கூண்டு இல்லாத, எஞ்சினோடு கூடிய அடிச்சட்டங்கள்) பட்டறையிலிருந்து எடுத்து, வாங்கியவரின் இடத்தில் சேர்ப்பதே இவர்களுடைய தொழில்.

வடசென்னைக்கு இது புதிய தொழில் அன்று. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் எண்ணூர் ஆலையிலிருந்து, கூண்டு கட்டாத சேசிஸில் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வெயிலும் மழையும் நேராக முகத்தில் அடிக்க, கரூருக்கும் நாமக்கல்லுக்கும் ஓட்டிப் போனவர்களை எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் இன்றும் பார்க்கலாம். கேரவன் அதிலிருந்து கிளைத்ததுதான். முன்பு படப்பிடிப்புக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் மட்டும் கேட்கப்பட்ட வண்டி, 2021இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்ற சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு சுற்றுலா நடத்துவோரின் கைக்கும் போகத் தொடங்கியது. இந்த ஏஜென்சிக்கு வரும் வேலைகளில் கணிசமானவை மேற்கு நோக்கியே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் பணம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கொச்சிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் என்று வைத்தால் 4,200 ரூபாய். அதில் பாதியை அட்வான்ஸாகப் புறப்படும் முன்பே கணக்கில் போட்டுவிடுகிறார்கள், டீசலும் டோலும் அவர்கள் பொறுப்பு. ஆனால் திரும்பி வரும் ரயில் கட்டணம், சாப்பாடு, படுக்கை எல்லாம் நம்முடையவை. போக இரண்டு நாள், திரும்ப ஓர் இரவு என்று கணக்கிட்டு, தத்கல் டிக்கெட்டையும் கழித்தால், கையில் நிற்பது 3,000 ரூபாயை ஒட்டியே இருக்கும்; அதை மூன்று நாளுக்குப் பிரித்தால், நகருக்குள் ஆக்டிங் டிரைவராகப் போகிறவர் இரவில் சொந்த வீட்டில் படுத்துக்கொண்டு ஈட்டும் வருமானத்தைவிட இது பெரிதாக உயரவில்லை. அமெரிக்காவில், கேரவன் தயாரிப்புக்குப் பேர்போன இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் பகுதியிலிருந்து தம் சொந்த பிக்அப் வண்டியில் கேரவன்களைக் கட்டி இழுத்துச் செல்லும் ஒப்பந்த ஓட்டுநர்கள் டீசல், டயர் தேய்மானம் எல்லாவற்றையும் தாங்களே சுமக்கிறார்கள் என்பதை நினைத்தால், இங்கே அந்தச் சுமையாவது இல்லை.

ஆவண விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் தற்காலிகப் பதிவெண், டி.ஆர். (தற்காலிகப் பதிவுச் சான்று) நகல், காப்பீடு, டெலிவரி சலான், பணம் ஏற்றிய ஃபாஸ்டேக் என எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்கும். எந்த மாநில எல்லையிலும் தாள் இல்லை என்று நிறுத்தப்பட்டதில்லை. லைசென்ஸ் விஷயத்திலும் ஒழுங்கு உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டதால் டிராவலர் வேன் வகைக் கேரவன்களுக்கு அதை ஏற்கிறார்கள். பஸ் சேசிஸில் கட்டியதென்றால் ஹெவி (கனரக வாகன) லைசென்ஸ் இல்லாமல் சாவி தருவதில்லை.

வண்டியைக் கையில் வாங்கும் நேரத்தில்தான் இந்த வேலையின் நுணுக்கம் இருக்கிறது. அதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் பெரிய புகார். லாரி ஓட்டிய கை என்பதற்காகக் கேரவன் பணிந்துவிடாது. புறப்படும் முன் நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 200 கிலோ எடை கூடும்; அரைகுறையாக இருந்தால் தண்ணீர் வளைவுதோறும் பக்கவாட்டில் அலைமோதும். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, பிரிட்ஜ் கதவையும் அலமாரிக் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கொக்கி விட்டுப்போனால் தச்சூர் தாண்டுவதற்குள் உள்ளே பாத்திரக்கடை திறந்துவிடும். மடிப்புப் படி உள்ளே போய்விட்டதா, வெளியே விரியும் நிழற்பந்தல் பூட்டியிருக்கிறதா என்பவற்றைப் பார்த்துவிட்டு, கூரை ஏ.சி.யையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது. கிராமச் சாலைகளில் தாழத் தொங்கும் கேபிள் ஒயர்தான் கூரைக்கு எமன். கடைசியாக, வண்டியைச் சுற்றி நடந்து, தேதியும் நேரமும் தெரிய ஒரு வீடியோ எடுத்து, பொறுப்பாளரின் வாட்ஸ்அப்புக்கு அங்கேயே நின்று அனுப்பிவிட வேண்டும். ஏனெனில் இறங்குமிடத்தில் ஒரு கீறல் தென்பட்டாலும் அது ஓட்டுநர் கணக்கில்தான் விழும்; எடுக்கும்போதே அந்தக் கீறல் இருந்தது என்பதற்கு அந்த வீடியோவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

நேரக் கணக்கில் இவர்கள் வரைபடத்தைப் பார்க்கிறார்களே தவிர சாலையைப் பார்ப்பதில்லை. வயநாட்டுக்கு ஒரு வண்டி போகிறது. “காலையில ஏழு மணிக்கு சுல்தான் பத்தேரியில நிக்கணும்ணா” என்கிறார் ஒருங்கிணைப்பாளர். பந்திப்பூர் காட்டுக்குள் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 766 இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பது அந்தப் பக்கம் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. காட்டுக்கு முன்னால் இருக்கும் குண்டலுப்பேட்டையில் இரவைக் கழித்து, ஆறு மணிக்குக் கேட் திறந்தவுடன் முதல் வண்டியாகப் போனாலும் ஏழுக்குள் பத்தேரி சேர வழியில்லை. தங்கும் செலவுக்குப் பேட்டா கிடையாது. தாமதத்துக்கு விளக்கம் மட்டும் கேட்பார்கள். பட்டறையில் ஒயரிங் முடியவில்லை என்று அரை நாள் காக்க வைத்தாலும் இதே கதைதான். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்று அவர்களே கறாராகச் சொல்வதை மட்டும் பாராட்ட வேண்டும்.

மீதிப் பணம், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சலானின் அசல் அலுவலகத்துக்கு வந்த பிறகே வரும். கூரியரில் அனுப்பினால் அது யார் மேசையில் கிடக்கிறது என்று தேட வேண்டியிருப்பதால், நேரில் கொடுத்து ரசீது வாங்குவதே உத்தமம். பணத்தை அவர்கள் இதுவரை ஏமாற்றியதில்லை, இழுத்தடிப்பார்கள்.

ஒப்பந்தம் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லை. விபத்துக் காப்பீட்டைப் பற்றிக் கேட்டால் பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாயைக் காட்டுகிறார்கள்; அது உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, நமக்கானதல்ல. கூலிக்கு ஓட்டுபவருக்கான பொறுப்பு என்று தனிப் பிரிவு ஒன்று பாலிசியில் வரும். அதற்கான கூடுதல் பிரீமியம் மிகச் சிறிய தொகைதான். அந்தப் பிரிவு இல்லாத பாலிசியோடு வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொன்னபோது முணுமுணுத்தாலும் சேர்த்துக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளாதவர்கள் அதையும் செய்துவிட வேண்டும். ஏஜென்சி இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வாரம் முழுவதும் இதையே நம்பிக் குடும்பம் நடத்தப் பார்ப்பவர்களுக்கு இந்த ஏஜென்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் வேறு ஓட்டுநர் வேலையும் இருந்து, வண்டியைப் பொறுமையாகக் கையாளத் தெரிந்து, இடையிடையே நீண்ட ஓட்டம் வேண்டும் என்பவர்களுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். திரும்பும் பயணத்துக்கு ஸ்லீப்பர் கட்டணத்தையாவது கொடுக்கத் தொடங்கினால் நான்காக்கலாம்.

சேர்வதற்கு அசல் லைசென்ஸ், ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு போக வேண்டும். சோதனை ஓட்டத்தில் ரிவர்ஸ் எடுப்பதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள், அதுவும் பின்பக்கம் நீண்ட வண்டியில். காலையிலேயே போய்விடுவது நல்லது. மதியத்துக்கு மேல் சோதனைக்குக் கொடுக்கும் சாலையில் மணலிப் பக்கமிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிடும்.