மனித டிஎன்ஏ இல்லை என்கிறது பெட்டி, மாட்டு டிஎன்ஏ?

வனவிலங்குக் குற்ற வழக்குகளுக்கான டிஎன்ஏ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பறிமுதல் செய்த இறைச்சி, தோல், பல், நகம், தந்தம், ஒரு பிடி முடி என்று முத்திரை வைத்த உறைகளில் வரும், அது எந்த விலங்கு என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு வருடமாக நாங்கள் பயன்படுத்தும் கிட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். 50 சிலிக்கா குழாய்கள், நாலைந்து பாட்டில் பஃபர் (வேலைக்கான கரைசல்), சின்னக் குப்பியில் புரோட்டினேஸ் கே என்ற புரதம் கரைக்கும் நொதி, அவ்வளவுதான் பெட்டிக்குள். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, இந்த வகைக் கிட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேதியியல்தான், நான் சொல்வதில் பாதி எதை வாங்கினாலும் பொருந்தும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓரளவு புதிய இறைச்சி என்றால் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. 25 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் ஒரு துண்டு வெட்டி, புரோட்டினேஸ் கே ஊற்றி 56 டிகிரியில் கரையவிட்டு (நான் பெரும்பாலும் ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன்), குவானிடின் உப்புள்ள பஃபரும் எத்தனாலும் சேர்த்துக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு முறை கழுவி, கடைசியில் கொஞ்சம் பஃபர் விட்டு இறக்கிக்கொள்ளலாம். பழைய முறையில் ஃபீனால், குளோரோஃபார்ம் முகர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கழுவும் பஃபர் பாட்டிலில் எத்தனாலை நாம்தான் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் மூடியில் இருக்கும் சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒருமுறை டிக் இருந்தது, எத்தனால் இல்லை. போட்டது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது. எத்தனால் இல்லாத பஃபர் டிஎன்ஏவையும் சேர்த்துக் கழுவிக் கொண்டுபோய்விடும், அன்றைக்கு எட்டு மாதிரி சாக்கடைக்குப் போனது. எல்லாவற்றிலும் மிச்சத் துண்டு இருந்ததால் தப்பித்தேன்.

அடுத்து ஒரு பாதுகாப்பு விஷயம். குவானிடின் உள்ள பஃபரோடு பிளீச் சேர்ந்தால் விஷ வாயு வரும். இதைக் கையேட்டின் உள்பக்கம் எங்கேயோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஆய்வகத்தில் பழைய டிஎன்ஏவை அழிக்க மேஜை, கருவி, தரை எல்லாவற்றையும் பிளீச்சால் துடைப்போம், அதனால் இது பெட்டி மேலேயே பெரிதாக இருக்க வேண்டிய வரி.

சரி, கஷ்டமான மாதிரிகளுக்கு வருவோம், எங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான். எலும்பு, தந்தம் என்றால் இந்தக் கிட்டின் முறை அப்படியே பலிக்காது, பொடியாக்கி 0.5 மோலார் ஈடிடிஏவில் ஊறவைத்துக் கால்சியத்தை வெளியேற்றிய பிறகுதான் கிட்டுக்குள்ளேயே நுழைய முடியும். முடிக்கு டிடிடி என்ற ரசாயனத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முடியின் கெரட்டின் புரதம் கரையாமல் அப்படியே மிதக்கும். பதனிட்ட தோல்தான் ரொம்ப மோசம். டிஎன்ஏ ஏற்கெனவே துண்டு துண்டாகி இருக்கும், 100 பேஸ்களுக்கு (டிஎன்ஏவின் எழுத்துகள்) குறைவான துண்டுகளைச் சாதாரண சிலிக்கா குழாய் சரியாகப் பிடிப்பதும் இல்லை. ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால்தான் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது. அங்கே 650 பேஸ் நீளத்துக்கு விலங்கை அடையாளம் காணப் படிக்கும் சிஓஐ மரபணுவின் வழக்கமான பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியைப் பிடித்துக்கொள்ளும் சின்ன டிஎன்ஏ) போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், 100 முதல் 200 வரையிலான குட்டித் துண்டுக்குப் போங்கள். இறக்கும்போது பஃபரைச் சூடாக்கி, குழாயின் சிலிக்கா சவ்வின் மேல் ஐந்து நிமிடம் நிற்கவிட்டு, 200 மைக்ரோலிட்டருக்குப் பதில் 50 மட்டும் விட்டால் அடர்த்தி கூடும். கையேடு சொல்லும் அளவு ரத்த மாதிரிக்கு எழுதினது போல.

கறுப்பு முடியிலும் தோலிலும் மெலனின் நிறமி கூடவே வந்துவிடும், இறங்கும் திரவமே பழுப்பாக இருக்கும், பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் வினை) ஓடாது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து பார்ப்போம், அல்லது பிஎஸ்ஏ சேர்ப்போம். பிஎஸ்ஏ என்பது மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெட்டி மேல் பளிச்சென்று ஒரு முத்திரை இருக்கிறது, மனித டிஎன்ஏ கலப்பு இல்லை என்று. இதற்கென்றே ஐஎஸ்ஓ 18385 என்று 2016இல் ஒரு தரநிலை வந்தது, அதுவும் மனித டிஎன்ஏ பற்றியதுதான். தடயவியல் என்றாலே மனிதன்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. எங்களுக்கு ஆபத்து மாடு, பன்றி, கோழி. பிசிஆர் ரசாயனங்களில் இந்த மூன்று விலங்குகளின் டிஎன்ஏவும் இருப்பதைப் பண்டைய டிஎன்ஏ ஆய்வாளர்கள் 2007இலேயே எழுதிவிட்டார்கள். புலிநகம் என்று பிடிபடுவதில் மாட்டுக்கொம்பைச் செதுக்கியதும் வரும், மான் இறைச்சி என்று பிடித்தது மாட்டிறைச்சியாக இருப்பதும் உண்டு. அதனால் மாடு என்று முடிவு வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். பல வழக்குகளில் குற்றமே இல்லை என்று அதற்கு அர்த்தம். மாதிரியில் நல்ல டிஎன்ஏ இல்லாமல் ரசாயனத்தில் துளி மாட்டு டிஎன்ஏ இருந்தால், அதுவே பெருகி வந்து நிற்கும், உண்மையான புலிநகமும் கொம்பாகிவிடும்.

எங்களுக்கு நடந்தது. புது லாட் (தயாரிப்புத் தொகுதி) பெட்டி திறந்த அன்று, மாதிரியே போடாமல் வெறும் பஃபரை ஓட்டும் பிளாங்க் குழாயில் மங்கலாக ஒரு பேண்ட், அதாவது டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் கோடு. சீக்வென்ஸ் பார்த்தால் மாடு. அறிக்கைகளை நிறுத்திவைத்துவிட்டு ஒவ்வொரு பாட்டிலாகத் தனித்தனியே ஓட்டிப் பார்த்ததில் ஒரு வாரம் போனது. கடைசியில் குற்றவாளி கிட் இல்லை, அதே வாரம் நாங்கள் மாற்றிய பிஎஸ்ஏ குப்பி. கிட்மேல் வீண்பழி போட்டுவிட்டேன். ஆனால் நடுவில் அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதற்கு வந்த பதில், எங்கள் தயாரிப்பில் மனித டிஎன்ஏ இல்லை என்று சான்றளிக்கிறோம் என்பதுதான். மாட்டைப் பற்றிக் கேட்டேன் என்று மறுபடி எழுதினேன், அதே சான்றிதழை இன்னொரு முறை அனுப்பினார்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். இறைச்சி, புதிய திசுவுக்குத் தயங்காமல் வாங்கலாம். தோல், தந்தம், பழைய எலும்புதான் அதிகம் வரும் என்றால் குட்டித் துண்டுகளைப் பிடிக்கும் வேறு முறையும் கையில் இருக்கட்டும். எங்களுக்குப் போன வாரம் அடுத்த பெட்டி வந்திருக்கிறது, லாட் எண் வேறு. நாளை முதல் வேலையாக அதன் வெறும் பஃபரை மாட்டு பிரைமரில் ஓட்ட வேண்டும்.